காசு கொடுத்த நேரமும் கொடுக்காத நேரமும்

கேள்வி:

மேடம், எனக்கு 37 வயது. டோக்கியோவில் ஐ.டி. வேலை, நிஷி கசாயில் தனியாக இருக்கிறேன். மகளின் படிப்புக்காக மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு கோவைக்குத் திரும்பிவிட்டாள். போன வருடம் எங்கள் ஜப்பானிய மேனேஜர் டீமோடு ஒரு கியாபகுராவுக்கு அழைத்துப் போனார். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் நானாகவே போக ஆரம்பித்துவிட்டேன். எப்போதும் ஒரே பெண்ணைத்தான் பெயர் சொல்லிக் கேட்பேன். தினமும் லைன் என்கிற மெசேஜ் செயலியில் பேசுவாள். அவள் பிறந்தநாளுக்கு ஷாம்பெயின்கூட எடுத்தேன். போன மாதம் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். எனக்குக் கோபம் வந்து, கறுப்புக் கோட்டு போட்ட ஊழியரிடம் சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து அவள் சரியாகப் பதில் போடுவதில்லை. நான் தினமும் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். கூட வரும் நண்பர்கள் இரண்டு பேர், “காசு குடுக்கிறோம்ல, நீ ஏன்டா பம்முற?” என்கிறார்கள். அவர்கள் பெண்கள் தோளில் கை போடுவார்கள், வெளியே வர எவ்வளவு என்று கேட்பார்கள். நான் அப்படி இல்லை, மரியாதையாகத்தான் நடக்கிறேன். இந்த மாதிரி இடங்களில் எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்? அவளுக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா?

– பெயர் வேண்டாம், டோக்கியோ

பதில்:

தம்பி, அந்தப் பெண் எழுந்து போகும்போது தன் கிளாஸின் மேல் கோஸ்டரையோ பெயர் அட்டையையோ வைத்துவிட்டுப் போனாரா? யோசித்துப் பாருங்கள், அநேகமாக வைத்திருப்பார். ‘இது என் இடம், திரும்பி வருவேன்’ என்று அதற்கு அர்த்தம். நீங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது உங்கள் கண்முன்னாலேயே இருந்திருக்கும்.

நான் டோக்கியோவில் சில வருடங்கள் ஆலோசகராக இருந்தவள். உங்களைப் போல மேஜையில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள், சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்களும் வந்திருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் கேட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கியாபகுரா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆண் வாடிக்கையாளரின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, குடிக்க ஊற்றிக் கொடுத்து, பேசிச் சிரித்து நேரம் போக்கும் கிளப் அது. அங்கே விற்பது பேச்சுத் துணை, உடல் இல்லை. 1948-இல் வந்த ஒரு சட்டத்தின்கீழ் லைசென்ஸ் வாங்கி நடத்துகிறார்கள். நள்ளிரவு 12 மணிக்கு மூட வேண்டும், சில குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் 1 மணி வரை அனுமதி. 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக் கூடாது, வேலைக்கும் வைக்கக் கூடாது.

நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதைப் பில்லை வைத்தே பார்க்கலாம். 50 அல்லது 60 நிமிடம் ஒரு செட். இடத்தையும் நேரத்தையும் பொறுத்துச் சுமார் 5,000 யென்னில் தொடங்கி 10,000 வரையோ அதற்கு மேலோ போகும். கடையின் சாதா விஸ்கியும் தண்ணீரும் அதிலேயே அடக்கம். இன்னார்தான் வேண்டும் என்று கேட்டால் அதற்கு ‘ஷிமெய்’ கட்டணம் தனி. அவர் குடிப்பதற்குத் தனி. நேரம் நீண்டால் அரை மணிக்கு அரை மணி தனி. எல்லாவற்றுக்கும் மேல் சர்வீஸ், வரி என்று இருபது முப்பது சதவீதம் ஏறும். நிதானமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே 30,000 யென்னைத் தொடும், நம் பணத்தில் 15,000 ரூபாய்க்கு மேல். இதில் பழத்தட்டு வேறு. நம் ஆட்களில் சைவக்காரர்கள் சாப்பிட வேறு ஒன்றும் இல்லை என்று அதைச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து முழிப்பார்கள். நாலு துண்டு முலாம்பழத்துக்குச் சில ஆயிரம் யென் இருக்கும்.

இந்தப் பில்லில் எந்த வரியிலும் ‘வேறு மேஜைக்குப் போகக் கூடாது’ என்று ஒன்று கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே பெண்ணைக் கேட்டு வருவது அங்கே தினசரி நடப்பது. வெள்ளிக்கிழமை இரவு என்றால் கேட்கவே வேண்டாம். எந்த மேஜையில் எத்தனை நிமிடம் என்பதைக் கறுப்புக் கோட்டுக்காரர்தான் முடிவு செய்வார், அந்தப் பெண் இல்லை. நீங்கள் சத்தம் போட்டது அவரிடம்தான். ஆனால் அடுத்த நாள், ‘உன் வாடிக்கையாளரை நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று பேச்சு வாங்கியிருப்பது அநேகமாக அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும்.

அவர் எழுந்து போனதும் வேறொரு பெண் வந்து உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ‘ஹெல்ப்’ என்பார்கள். இன்னொருவரின் வாடிக்கையாளரை அவர் வரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுவார்கள். ஷிமெய் கட்டணத்தில் பங்கு வராது. உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் கூடாது, அது அங்கே எழுதாத விதி. நீங்களோ கடுகடுவென்று போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ‘அவ எங்க போனா, யார்கூட இருக்கா’ என்று அவரிடமே துருவியிருப்பீர்கள். ஒரு வாடிக்கையாளர் நல்லவரா என்று கேட்டால் அந்தப் பெண்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்: ஹெல்ப் உட்காரும்போது அவர் எப்படி இருக்கிறார்? ‘நீங்களும் ஒன்று குடியுங்களேன்’ என்று சொல்கிறாரா, இல்லை சுவரைப் பார்க்கிறாரா?

நீங்கள் மரியாதையாக நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். கை போடவில்லை, அசிங்கமாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் வைக்கும் வேலை என்னவென்று பாருங்கள். கிளப்பில் அவர் உங்கள் கிளாஸில் வேர்க்கும் தண்ணீரைக் கைக்குட்டையால் துடைக்கிறார், கிளாஸ் முட்டும்போது தன்னுடையதை ஒரு விரல் தாழ்த்திப் பிடிக்கிறார், உங்கள் ஆபீஸ் கதையைக் கேட்கிறார். அதற்குச் சம்பளம் உண்டு. மறுநாள் பகல் 2 மணிக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து உங்களுக்கு லைனில் ‘சாப்பிட்டீர்களா’ என்று போடுகிறாரே, அதற்குச் சம்பளம் கிடையாது. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்தால்தான் அது காசாக மாறும். இப்படி அவர் போனில் இருபது பேர், ஐம்பது பேர் இருக்கலாம். ஒவ்வொருவரின் மகள் பெயர், மேனேஜர் பெயர், வயிற்றுவலி எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன்மேல் நீங்கள், ‘ஏன் இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை’, ‘என்மேல் கோபமா’, ‘அந்த ஆள் யார்’ என்று கேட்டால், உங்கள் மனத்தைச் சமாதானப்படுத்துவதும் அவர் தலையில்தான் விழுகிறது. அதற்கு நீங்கள் ஒரு யென்னும் கொடுக்கவில்லை. உங்கள் நண்பர்கள் கையால் செய்வதை நீங்கள் போனில் செய்கிறீர்கள் என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும். கொஞ்சம் வலிக்கட்டும்.

எப்படி நடந்துகொள்வது என்று கேட்டதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. காசு கொடுத்த நேரத்துக்குள் தாராளமாக இருங்கள், அதற்கு வெளியே அவருக்குக் கூடுதல் வேலை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். கிளப் திறக்கும் முன் வெளியே சாப்பிடக் கூப்பிட்டு, பிறகு சேர்ந்து உள்ளே போவதற்கு ‘தோஹான்’ என்று பெயர். 7 மணிக்கு என்று சொன்னால் 7 மணிக்கு இருங்கள். குறித்த நேரத்துக்குள் உள்ளே நுழையாவிட்டால் சில கிளப்புகளில் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். மூடிய பிறகு சேர்ந்து வெளியே போவதை அவர்களே ‘ஆஃப்டர்’ என்பார்கள். அது அவரது தூக்க நேரம், கேட்டு நச்சரிக்காதீர்கள். உண்மையான பெயர், வயது, எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு, பகலில் என்ன படிக்கிறார் என்று எதையும் தோண்டாதீர்கள். அவராகச் சொன்னாலும் அதில் பாதி பாதுகாப்புக்காகச் சொன்ன கதையாக இருக்கும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டோ கேட்காமல் எடுக்காதீர்கள். பில்லில் சந்தேகம் என்றால் கறுப்புக் கோட்டுக்காரரைக் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள். ஜப்பானில் டிப்ஸ் பழக்கம் இல்லை, நோட்டை மடித்துக் கையில் திணிப்பது அங்கே யாருக்கும் பெருமை இல்லை.

இன்னொரு வகை ஆள் உண்டு. அவர் கையும் போட மாட்டார், சத்தமும் போட மாட்டார். “இவ்வளவு நல்ல பொண்ணா இருக்கியே, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். நம் ஊர்க்காரர்களுக்கு இது நாக்கு நுனியிலேயே இருக்கும். ஜப்பானிய மாமாக்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை, உபதேசம் செய்யும் வாடிக்கையாளர் என்றாலே அங்கே ஒரு நமுட்டுச் சிரிப்பு எழும். மூன்றாவது கிளாஸ் விஸ்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஊற்றிக் கொடுத்தவருக்கே ஒழுக்கப் பாடம் எடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நீங்கள் அப்படிச் செய்தீர்களா என்று தெரியாது. ‘அவளை இதிலிருந்து வெளியே கொண்டுவரணும்’ என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் விஷயம் எளிது. 2023 ஜூலை முதல் ஜப்பானில், சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதற்கு 6 மாதம் முதல் 10 வருடம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கிளப்பில் வேலை செய்கிறார், இவர் காசு கொடுத்தார் என்பதால் அது சம்மதமாகிவிடாது. வெளியே வர எவ்வளவு என்று கேட்பது இடம் தெரியாமல் பேசுவது. பாலியல் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்தியாவிலும் ஜப்பானிலும் 1956-இல்தான் வந்தது, இரண்டிலும் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனால் கியாபகுராவில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தப் பேரத்துக்கு வந்தவரே இல்லை. அவர் சிரித்துச் சமாளித்தால் அதுவும் வேலையின் ஒரு பகுதி. அந்தச் சிரிப்பை நம்பித்தான் உங்கள் நண்பர்கள் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

ஆண்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் ஹோஸ்ட் கிளப்புகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஆண்கள் ஊற்றிக் கொடுப்பார்கள், வாடிக்கையாளர்கள் பெண்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே பொறாமை, அதே ‘நான் வேற மாதிரி இல்லையா’ அங்கேயும் உண்டு. பக்கத்து மேஜைக்காரி ஒரு ஷாம்பெயின் எடுத்தால் இவள் இரண்டு எடுப்பாள். கையில் இல்லாவிட்டால் கடன் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கடனை அடைக்க உடலை விற்கும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டது பெரிய பிரச்சினையாகி, அந்த 1948 சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 28 முதல் அது அமலில் இருக்கிறது. வாடிக்கையாளரின் காதல் உணர்வைப் பயன்படுத்திக்கொண்டு, ‘நீ இதை வாங்காவிட்டால் நம் உறவு அவ்வளவுதான்’ என்கிற மாதிரி மிரட்டி ஆர்டர் எடுப்பது இப்போது சட்டவிரோதம். இது கியாபகுராவுக்கும் பொருந்தும். அந்தப் பெண் உங்களிடம் அப்படி எதுவும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. ஷாம்பெயினை நீங்களே ஆசைப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். அது பரிசு. திருப்பித் தர வேண்டிய கடனாக அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 மே மாதம் நிஷி ஷின்ஜுகுவில் ஒரு அடுக்குமாடி வாசலில் 25 வயதுப் பெண்ணை 51 வயது ஆள் குத்திக் கொன்றார். அந்தப் பெண் ஒரு பாரை நடத்தியவர், இவர் அங்கே வாடிக்கையாளராக வந்தவர். கார், பைக்கை விற்று ஒரு கோடி யென்னுக்கும் மேல் கொடுத்தேன், திரும்பக் கேட்டேன் என்பது அவர் சொன்ன கதை. அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்ததற்காக ஏற்கெனவே கைதாகி, கிட்டே போகக் கூடாது என்று தடையும் வாங்கியிருந்தார். எனக்கு இதைவிடத் திகிலாக இருந்தது அப்புறம் வந்த பேச்சு. ‘அவ்வளவு காசு வாங்கினால் பின்னே என்ன நடக்கும்’ என்று எத்தனை ஆண்கள் எழுதினார்கள்! உங்களை அந்த ஆளோடு சேர்க்கவில்லை. அந்தப் பேச்சும் உங்கள் நண்பர்களின் ‘காசு குடுக்கிறோம்ல’வும் ஒரே ஊற்றிலிருந்து வருவதைச் சொல்கிறேன். நீங்கள் தினமும் அனுப்பும் மெசேஜை அந்தப் பெண் எந்தக் கண்ணோடு படிப்பார் என்று இப்போது யோசியுங்கள். டோக்கியோவில் அந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் அந்தக் கொலையை மறந்திருக்க மாட்டார்.

அவருக்கு உங்களைப் பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பிடித்திருக்கலாம். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. குடித்துவிட்டு உளறாத, கை நீட்டாத, தன் மகளைப் பற்றிப் பேசும் ஒரு ஆள் வந்தால் அந்த மேஜை அவர்களுக்கு உண்மையிலேயே ஓய்வு மாதிரி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிடித்தம் கிளப்புக்குள் இருக்கும் ஒரு வாடிக்கையாளர்மேல் வருவது. கிளப்புக்கு வெளியே அதற்கு நடக்கக் கால் கிடையாது. பெரும்பாலான பெண்கள் வாடிக்கையாளர்களைக் காதலிக்கத்தான் கூடாது என்று தங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். அவர் உங்களைக் காதலிக்கிறாரா என்றால், நீங்கள் எழுதியதில் அதற்கு ஒரு அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. காசு, கிளப், லைன் மூன்றும் இல்லாமல் அவர் உங்களோடு கழித்த நேரம் என்று ஒன்று உண்டா? இருந்திருந்தால் அதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

மனைவியைப் பற்றி நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் நீட்டப்போவதில்லை. ஒன்று மட்டும். டோக்கியோவில் வெள்ளிக்கிழமை இரவு 9 மணி என்றால் கோவையில் மாலை 5.30. மகள் பள்ளிவிட்டு வந்து ஏதாவது கொறித்துக்கொண்டிருக்கும் நேரம். உங்கள் ஆபீஸ் கதையைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான பசி என்று எனக்குப் படுகிறது. அதற்கு வழி இந்த கிளப் மட்டும்தானா என்று பாருங்கள். போன மூன்று மாத கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கிளப்புக்குப் போனதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை மனைவியிடம் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், அது உங்கள் வீட்டுக் கணக்கு. அந்தப் பெண் அதற்குப் பொறுப்பில்லை.

இப்போது செய்ய வேண்டியது. லைனில் ஒரே ஒரு செய்தி போடுங்கள்: ‘அன்றைக்கு நான் சத்தம் போட்டது தப்பு. உங்களுக்குச் சங்கடமாகியிருந்தால் மன்னிக்கவும். பதில் போட வேண்டியதில்லை.’ அவ்வளவுதான். ‘மிஸ் பண்றேன்’, ‘ஏன் இப்படிப் பண்றீங்க’ என்று வால் ஒட்டாதீர்கள். பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் இரண்டாவது செய்தி கிடையாது. பின்தொடர்தலுக்கு எதிராக ஜப்பானில் 2000-இலேயே சட்டம் வந்துவிட்டது. வேண்டாம் என்ற பிறகும் மெசேஜாகப் போட்டுத் தள்ளுவது, லைன் மாதிரியான செயலிகள் உட்பட, 2016-இல் அதற்குள் கொண்டுவரப்பட்டது. போலீஸ் வரை போனால் உங்கள் விசாவுக்கும் சிக்கல்.

ஒரு மாதமாவது அந்தப் பக்கம் போகாதீர்கள். அதன்பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் அது உங்கள் இஷ்டம், நீங்கள் வளர்ந்த ஆள். போனால் கறுப்புக் கோட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். கூட அந்த நண்பர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அவர்கள் உங்கள் மேஜையில் உட்கார்ந்திருக்கும்வரை அவர்கள் கை போடுவதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

மேனேஜர் மறுபடி டீமோடு கூப்பிட்டால் போகலாம், தப்பில்லை. குடிக்காமல் ஊலாங் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே கிளப்தான் என்று தெரிந்தால், அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.